மேய்ச்சல் பங்கு

பங்கு பிரிக்கப் போகிற செய்தியைப் பெரியவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். பெரிய விஷயங்களை அவன் எப்போதும் சாப்பாட்டு நேரத்தில்தான் அவிழ்ப்பான். யாராவது எதிர்த்துக் கேட்டால், வாயில் இருப்பதை மென்று முடிக்கும்வரை பதில் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தான்.

"நடுவனுக்கு இந்த வயசுல ஒருவழியாக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. முடிஞ்சதும் தனிக்குடித்தனம் போறான். அதனால இந்தத் தடவை ஆடுங்க குட்டி போட்டு முடிச்சதும் மந்தையைப் பிரிச்சுடலாம். என் வெட்டு இருக்கறது எனக்கு, அவன் வெட்டு இருக்கறது அவனுக்கு. வெட்டு இல்லாத அப்பா ஆடுங்களை நாங்க ரெண்டாப் பிரிச்சுக்கறோம்."

வெட்டு என்றால் காது வெட்டு. அது அப்பா வைத்துவிட்டுப் போன ஏற்பாடு. மந்தையோடு மேய்ச்சலுக்குப் போகிறவனுக்கு வருஷா வருஷம் ஒரு பெட்டைக்குட்டி சொந்தம். அதன் காதில் அவனவன் அடையாளத்தை வெட்டிக்கொள்வான். பெரியவன் இடது காதில், நடுவன் வலது காதில். அது வளர்ந்து போடுகிற குட்டிகளும் அவனுக்கே. இப்படியே பெருகிப் பெருகி, மந்தையில் பாதி ஆடுகள் இரண்டு அண்ணன்களின் வெட்டோடு நடமாடின. மூன்றாவதாகப் பிறந்த தங்கையின் வெட்டு ஒரு காதிலும் கிடையாது. அவளை வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவள் சின்னவள்தான்.

"எனக்கு?" என்றாள் சின்னவள்.

பெரியவன் மென்றான். நிதானமாக மென்றான். மெல்லுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத பிறகுதான் வாயைத் திறந்தான்.

"உனக்கென்ன குறை? எங்க வீட்ல வேணும்னாலும் இரு, அவன் வீட்ல வேணும்னாலும் இரு. யாரு உன்னை வேணாம்னு சொல்லப் போறா?"

"நான் இருக்க இடம் கேக்கல. ஆடு கேட்டேன்."

"மேய்ச்சலுக்குப் போறவங்களுக்குத்தான் பங்கு. நீ வீட்ல இருக்கறவதானே?"

நடுவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவனின் மனைவி, சின்னவளுக்கு அண்ணி, பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிடற நேரத்துல இது எதுக்கு?" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்பது தெரியவில்லை. பேச்சு அதோடு நின்றது.

வீட்டில் இருக்கிறவளாம்! சின்னவள் இருட்டு பிரிவதற்கு முன் எழுந்து பட்டிக்குள் போகிறாள். இரவெல்லாம் ஆடுகள் போட்ட புழுக்கையைக் கூட்டி அள்ளிக் குழியில் கொட்டுகிறாள். தண்ணீர்த் தொட்டியைப் பாசி போகத் தேய்த்துக் கழுவி நிரப்புகிறாள். நொண்டுகிற ஆட்டை ஒருக்களித்துத் தள்ளி, முழங்காலில் அழுத்திப் பிடித்துக் குளம்பைச் சீவி மருந்து வைக்கிறாள். தொட்டிகளில் தீவனத்தைப் பிரித்துப் போடுகிறாள். தாய்கள் மேய்ச்சலுக்குப் போன பிறகு சின்னக் குட்டிகள் எல்லாம் பகல் முழுக்க அவள் பொறுப்பு. தாய் செத்ததுக்குப் புட்டிப்பால், கழிகிறதுக்கு மருந்து, மண் தின்கிறதுக்கு முதுகில் ஒரு தட்டு. குட்டி தலைமாறி வந்தால் கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுப்பவளும் அவள்தான். அவள் கைதான் அந்த வீட்டிலேயே சின்னது. இத்தனைக்கும் சேர்த்து அந்த வீட்டில் வைத்திருந்த பெயர், சும்மா இருப்பது.

அது மட்டுமா? மந்தை பிரிந்துவிட்டால் அவள் கதி என்ன? ஒரு வீட்டில் கொஞ்ச நாள், இன்னொரு வீட்டில் கொஞ்ச நாள் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். இரண்டு கொட்டிலிலும் புழுக்கை அள்ள வேண்டும். யாராவது முகம் சுளித்தால் பொறுத்துப் போக வேண்டும். சொந்தமாகப் பத்து ஆடு இருந்தால், தன் கதவைத் தானே சாத்திக்கொண்டு தூங்கலாம். அவளுக்கு வேண்டியது அந்தக் கதவுதான்.

மறுநாள் காலையில் பெரியவன் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது, சின்னவள் அவனுடைய செருப்பைவிடக் கனமான ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு பட்டி வாசலில் நின்றாள். தலையில் துண்டு. கையில் கோல்.

"இன்னிக்கு நான் போறேன். நீ வீட்ல இரு."

பெரியவன் சிரித்தான். "மத்தியானத்துக்குள்ள கால் வலிக்குதுன்னு திரும்பிடுவ."

"அது என் கால் பாடு."

"எனக்கென்ன, நல்லதாப் போச்சு. காலை நீட்டிப் படுப்பேன்."

"படு. நேரம் கிடைச்சாப் படு," என்று சொல்லிவிட்டுப் பட்டிக் கதவைத் திறந்தாள்.

குட்டிகளை என்ன செய்வது, எதற்கு என்ன மருந்து என்று அவள் சொல்ல ஆரம்பித்தபோது அவன் கையமர்த்தினான். "நான் பொறந்ததே இந்தக் கொட்டில்லதான். எனக்கு நீ பாடம் எடுக்காத." சரி என்று விட்டுவிட்டாள். கேட்காதவனுக்குச் சொல்லி வாய் வலிப்பானேன்?

மேய்ச்சல் சுலபமான வேலை இல்லை. அதைச் சின்னவள் அன்றைக்கு ஒப்புக்கொண்டாள், மனசுக்குள்ளேயே. இரண்டு பக்கமும் பயிர் நிற்கிற வழியில் மந்தையை நடுவிலேயே ஓட்டிப் போக வேண்டும். ஓர் ஆடு வாய் வைத்தால் வயல்காரன் பத்து வாய் திறப்பான். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது முன்னால் போன கிழட்டு ஆடு நட்டநடுச் சாலையில் நின்று எதையோ யோசித்தது. லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். நடுவன் கத்தினான். ஆடு யோசித்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தது. அதற்கப்புறம் மேடு, கல், முள். சின்னவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஆனால் அவள் நடுவனுக்கு முன்னால்தான் நடந்தாள். பின்தங்குவதை அவன் போய்ச் சொல்லக்கூடாதே.

உச்சி வெயிலில் ஆடுகள் மர நிழலில் படுத்து அசை போட்டன. நடுவன் துண்டை விரித்துச் சாய்ந்தான்.

"இப்ப என்ன வேலை?" என்று கேட்டாள் சின்னவள்.

"இப்ப என்ன? ஆடு எழுந்திருக்கற வரைக்கும் உக்காரு."

"தினமும் இப்படித்தானா?"

"பின்னே? ஆட்டை எழுப்பி நடக்கவா விடுவாங்க?"

அவள் உட்கார்ந்தாள். பகல் நேரத்தில் கடைசியாகச் சும்மா உட்கார்ந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகமே வரவில்லை. உட்கார உட்காரக் கால் வலி போயிற்று, கோபம் வந்தது.

"சின்ன அண்ணா, உனக்கு இது நியாயமாப் படுதா?"

"எது?"

"எதுன்னு உனக்குத் தெரியும்."

நடுவன் துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டான். "அண்ணன் சொல்றான். நான் என்ன பண்றது?"

"உனக்கு வாய் எதுக்கு இருக்கு?"

"சாப்பிட," என்றான் துண்டுக்குள்ளிருந்து.

பொழுது சாய்கிற நேரத்தில் மந்தையைத் திருப்பினார்கள். வீட்டை நோக்கி வருகிற மந்தையை ஓட்டவே தேவையில்லை. மடியில் பால் கட்டிக்கொண்ட தாய்கள், குட்டிகளை நினைத்துக்கொண்டு தாமாகவே ஓட்டமும் நடையுமாக வரும். தெருமுனை திரும்பியதுமே கத்தத் தொடங்கும். உள்ளேயிருந்து குட்டிகள் பதிலுக்குக் கத்தும். கதவைத் திறந்துவிட்டால் ஒரே ஓட்டம், ஒரே தள்ளுமுள்ளு. ஒவ்வொரு குட்டியும் தன் தாயின் மடியைத் தேடிப் பிடிக்கும். தாய் வாலடியில் முகர்ந்து பார்த்து, இது என் பிள்ளைதான் என்று உறுதியான பிறகுதான் மடியை விடும். அதுவரை ஒரு சொட்டுக் கிடைக்காது.

கதவருகே பெரியவன் நின்றுகொண்டிருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாத்தியா!" என்று குட்டிப் பட்டியைக் காட்டினான்.

குட்டிகள் எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தன. புழுக்கைக் கறை, பால் கறை, மண் கறை ஒன்றும் இல்லை. பட்டி முழுக்க மருந்து சோப்பு வாசனை மூக்கைத் துளைத்தது.

"என்ன பண்ணின?" என்றாள் சின்னவள்.

"உண்ணி எடுத்தேன். உன் வேலை எல்லாம் காலையிலயே முடிஞ்சுபோச்சு. சும்மா எதுக்கு இருக்கணும்னு எல்லாத்தையும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிட்டேன். பெரிய ஆடுங்களுக்கு வருஷா வருஷம் பண்றதுதானே? இத்தனை நாள்ல உனக்கு இது தோணலியே."

அவளுக்குத் தோன்றாமல் இல்லை. குட்டியைக் குளிப்பாட்டினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததால்தான் செய்யவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் நடுவன், பழக்க தோஷத்தில், இரண்டு கதவையும் திறந்துவிட்டான்.

குட்டிகள் ஓடின. தாய்கள் ஓடின. முகர்ந்தன. தும்மின. அடுத்த நொடி முட்டத் தொடங்கின. ஒரு தாய் தன் குட்டியைத் தலையால் தூக்கி வேலியில் எறிந்தது. இன்னொன்று எல்லாக் குட்டிகளையும் வரிசையாக முகர்ந்து பார்த்து, எல்லாவற்றையும் வெறுத்து, வானத்தைப் பார்த்துக் கத்தியது. எந்த வாலடியை முகர்ந்தாலும் ஒரே வாசனை. மடி நிறையப் பாலோடு தாய்களும், வயிறு ஒட்டிய குட்டிகளும் ஒன்றையொன்று தேடி ஒரே கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தக் கூச்சலில் தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

பெரியவனுக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. புரிந்ததும் அவன் முதலில் செய்தது, குற்றத்தைத் தூக்கிப் பிறர் தலையில் வைப்பது.

"எல்லாம் உன்னாலதான்! நீ வீட்ல இருந்திருந்தா இது நடக்குமா?"

"இன்னொரு தடவை சொல்லு."

"என்ன?"

"நான் வீட்ல இருந்திருந்தா நடக்காது. அதானே சொன்ன? அப்போ நான் வீட்ல இருந்தது ஒரு வேலைதான்னு உன் வாயாலயே வந்துடுச்சு."

"இப்ப பேசற நேரமா? முதல்ல குட்டியைப் பாரு!"

பேசுகிற நேரம்தான். அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும், அண்ணன் எதற்கும் தலையாட்டுவான். ஆனால் வேலியோரம் எறியப்பட்ட குட்டி எழுந்து மறுபடி அதே தாயிடம் தள்ளாடிப் போனதைப் பார்த்தாள். அதன் பசியை வைத்துப் பேரம் பேசுவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. அதற்காக, வழக்கம்போல ஒண்டியாக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளவும் அவள் தயாராக இல்லை.

"பாக்கறேன். ஆனா நான் மட்டும் பாக்க மாட்டேன். நீயும் வந்து உக்காரு. நடுவா, நீயும். இன்னிக்கு யாரும் நின்னு வேடிக்கை பாக்கக்கூடாது."

ஆத்திரத்தில் அண்ணன் என்ற முறை கூட விட்டுப்போய் நடுவா என்று வந்துவிட்டது. நடுவன் வந்து உட்கார்ந்தான்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தாயைப் பிடித்து நிறுத்தி, அதன் மடியிலிருந்து கொஞ்சம் பாலைக் கறந்து, அதன் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தேய்க்க வேண்டும். தன் பால் வாசனையைத் தானே முகர்ந்தால் தாய் மெல்ல இளகும். ஒவ்வொரு தாய்க்கும், ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். அதிலும் எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று தெரிந்திருக்க வேண்டும். மாற்றித் தேய்த்தால் கதை கந்தல்.

"அப்போ தாய்ங்களையும் அதே சோப்புல குளிப்பாட்டிட்டா என்ன?" என்றான் பெரியவன்.

"உன்னையும் சேத்துக் குளிப்பாட்டறேன். பேசாம அந்த ஆட்டோட கழுத்தைப் பிடி."

பெரியவன் பிடித்தான். மேய்ச்சலில் அவன் கெட்டிக்காரன். தூரத்து மேட்டில் நிற்கிற ஆட்டை முதுகைப் பார்த்தே சொல்வான். குட்டிகள் முகத்தைத்தான் அவன் பார்த்ததில்லை. சின்னவள் முகத்தை வைத்தும், கத்துகிற குரலை வைத்தும், நெற்றி மயிரை வைத்தும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இது கோணக்கொம்புக்காரியோடது. இது நொண்டியோடது. இது போன மழையில் பிறந்தது. பாலைக் கறந்தாள், தேய்த்தாள், மடியில் வாயை வைத்துவிட்டாள். முதல் குட்டி சப்புக்கொட்டிக் குடிக்கத் தொடங்கி, வாலை ஆட்டியபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாதிக்கு மேல் முடிந்த பிறகு ஒரு குட்டியிடம் அவள் தடுமாறினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெரியவில்லை.

"அது சுழிக்காரியோடது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அண்ணி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எப்போது வந்து உட்கார்ந்தாளோ, ஏற்கெனவே இரண்டு குட்டிகளைச் சேர்த்துவிட்டிருந்தாள். "நான் தழை வெட்டிட்டு வந்தப்போ வேலியோரத்துலதான் போட்டுது. நான்தான் துணியால துடைச்சுத் தூக்கிட்டு வந்தேன். பக்கத்துல இருக்கறதும் அதோடதுதான். ரெட்டை."

சின்னவள் சுழிக்காரியைப் பிடித்தாள். அண்ணி சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அண்ணி இன்னும் நாலைந்து குட்டிகளைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள்.

விளக்குப் போடுகிற நேரத்துக்குக் கூச்சல் அடங்கியது. கடைசியாக ஒரு முரட்டுத் தாய் மட்டும் ஒத்துழைக்கவில்லை. அதை நடுவன் காலிடுக்கில் பிடித்துக்கொள்ள, குட்டி ஒருவழியாகக் குடித்து முடித்தது. பெரியவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பகல் முழுக்க சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல்கள் சுருங்கியிருந்தன. முழங்காலில் முட்டு வாங்கிய இடம் வீங்கியிருந்தது.

"சரி," என்றான், பெரிய மனது பண்ணி. "நீயும் கஷ்டப்பட்டிருக்க. அதோ, மூலையில நிக்கற அந்தச் சோனிக்குட்டியை நீ எடுத்துக்கோ. உன் வெட்டைப் போட்டுக்கோ."

"வேணாம்."

"ஏன்?"

"நீ குடுக்கறதை வாங்கிக்க நான் கேக்கல. எனக்குச் சேர வேண்டியதைக் கேக்கறேன். அப்பா ஆடுங்களை மூணாப் பிரி."

"மேய்ச்சலுக்குப் போறவனுக்குத்தான்னு..."

"இன்னிக்கு மேய்ச்சலுக்குப் போனது யாரு?"

பெரியவன் நடுவனைப் பார்த்தான். நடுவன் சின்னவளைப் பார்த்தான்.

"நான். வீட்ல இருந்தது யாரு? நீ. அப்போ இன்னிக்கு எனக்குப் பங்கு உண்டு, உனக்கு இல்ல. சும்மாதானே இருந்த? எங்க, ஊரைக் கூட்டிச் சொல்லு, நான் இன்னிக்கு சும்மா இருந்தேன்னு. சொல்லிட்டு எழுந்து நில்லு பாக்கலாம்."

பெரியவன் எழுந்து நிற்கப் பார்த்தான். முழங்கால் விடவில்லை. நடுவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அடக்கப் பார்த்து இருமினான். இருமிவிட்டு, "மூணாப் பிரிக்கறதுல எனக்கொண்ணும் ஆட்சேபம் இல்லண்ணே," என்றான். சாப்பிடுவதற்கு மட்டுமே இருந்த வாய் அன்றைக்கு முதல் தடவையாக வேறொன்றுக்குப் பயன்பட்டது.

பெரியவன் பதில் சொல்வதற்கு முன், கை கழுவிக்கொண்டிருந்த அண்ணி திரும்பினாள்.

"மூணு எதுக்கு? நாலாப் பிரிங்க."

யாரும் எதிர்பார்க்கவில்லை. சின்னவளும்தான்.

"நாலா?" என்றான் நடுவன். பங்கு என்றதும் அவனுக்கு வாய் நன்றாகவே வந்தது. "அப்போ அண்ணன் வீட்டுக்கு மட்டும் ரெண்டா?"

"அண்ணன் வீட்டுக்கு இல்ல. எனக்கு. இந்த மந்தை திங்கற தழை தானா நடந்து வந்து தொட்டியில ஏறிப் படுத்துக்குதா? வெட்டிக் கட்டித் தலையில வெச்சுத் தூக்கிட்டு வர்றது யாரு? வெய்யில் காலத்துல மேய்ச்சலே இல்லாதப்போ ஆட்டை உயிரோட வெச்சிருந்தது யாரு? உன் பொண்டாட்டி வந்து வெட்டட்டும், அவளுக்கும் கேளு. நானே கூட நின்னு கேக்கறேன்."

சின்னவளுக்கு முகம் சூடேறியது. தான் செய்த வேலைகளை எல்லாம் நேற்றிலிருந்து மனசுக்குள் எத்தனை தடவை எண்ணியிருப்பாள்! தொட்டியில் தீவனத்தைப் பிரித்துப் போடுவதைக் கூட எண்ணினாள். அந்தத் தீவனக் கட்டு எப்படி வந்தது என்று ஒரு தடவை கூட நினைக்கவில்லை. அண்ணனுக்கு அவள் எப்படியோ, அப்படித்தான் அவளுக்கு அண்ணியும் இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. நான்காகப் பிரித்தால் தன் பங்கு குறையும் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"நாலுதான்," என்றாள். "இல்லேன்னா நாளைக்கு நானும் அண்ணியும் மேய்ச்சலுக்குப் போறோம். நீங்க ரெண்டு பேரும் வீட்ல இருங்க. ஒருத்தர் கொட்டிலைப் பாருங்க, ஒருத்தர் தழை வெட்டுங்க."

நடுவன் அவசரமாகப் பெரியவனைப் பார்த்தான். பெரியவன் தன் சுருங்கிப்போன விரல்களைப் பார்த்தான். மெல்லுவதற்கு வாயில் ஒன்றும் இல்லை.

"சரி, நாலு," என்றான் கடைசியில். ஆனால் தோற்றதாகக் காட்டிக்கொள்ள முடியுமா? "ஆளாளுக்கு வெட்டுப் போட ஆரம்பிச்சா, ஆட்டுக் காதுல இடம் எங்க இருக்கு?"

"இடம் பத்தலைன்னா," என்றாள் அண்ணி, கையைத் துடைத்துக்கொண்டே, "உங்க வெட்டைக் கொஞ்சம் சின்னதாப் போட்டுக்கோங்க."